வலப்பக்கத்துப் பெட்டி

"இந்தப் பெட்டி பெட்டியா வரையறதெல்லாம் வேண்டாம் டீச்சர். எனக்கு வரி வரியா புரோகிராம் எழுதக் கத்துக்குடுங்க," என்றார் அருளானந்து.

ஐம்பத்தாறு வயதில் மின்னணு இசைக்கருவி செய்யக் கற்க வந்தவர். கற்றுத்தரும் சுகந்திக்கு முப்பத்திரண்டு. பீளமேட்டில் இருந்த அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவர் மட்டும் டீச்சர் என்பார்.

கணினித் திரையில் ஒரு வேலைக்கு ஒன்றாகப் பெட்டிகளை வைத்து, கோடுகளால் இணைத்து, அண்ணன் சவரிமுத்துவுக்காக அவர் ஒரு கருவி செய்திருந்தார். பக்கவாதம் வந்த அண்ணனுக்கு அசைவது ஒரே விரல். அந்த விரல் தொட்டால் சுரம் எழும். ஒரு மாதம் அண்ணன் வாசித்தார்.

இப்போது தொட மறுக்கிறார்.

தொட்ட சுரம் கேட்பதில்லை. அதற்கு முன்னால் தொட்டது கேட்கிறது. தனக்குக் கையோடு மூளையும் போய்விட்டது என்று, கருவியைத் துணி போட்டு மூடச் சொல்லிவிட்டார்.

"இந்தக் கோடுகளை நம்பினேன். கெடுத்திருச்சு," என்றார் அருளானந்து.

சுகந்தி திரையைப் பார்த்தாள். பெட்டிகள் அணிவகுத்து நின்றன.

"போன வாரம் இது கோழி கிளறின மாதிரி இருந்துச்சுங்களே சார்."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடுக்கினேன், கோட்டின் மேல் கோடு ஏறுவது பார்க்க அசிங்கமாக இருந்தது என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அவள் ஒரு தாளை நீட்டி, விரல் பட்டதும் கருவி என்ன செய்ய வேண்டும், எழுதுங்கள் என்றாள்.

எழுதினார்.

சுரத்தைத் தேர்ந்தெடு.
ஒலி எழுப்பு.

"எது முதல்லங்க?"

"ரெண்டும் ஒண்ணாத்தான்."

"ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதியிருக்கீங்க."

தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். வலப்பக்கத்துப் பெட்டிதான் முதலில் வேலை செய்யும் என்று முதல் வகுப்பிலேயே அவள் சொல்லியிருந்தாள். கோடுகள் குறுக்கிடாமல் இருக்க அவர் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றியிருந்தார். ஒலிக்கான பெட்டி வலப்பக்கம் போக, ஒலி முந்திக்கொண்டது, பழைய சுரத்திலேயே. சுரம் அதற்குப் பிறகுதான் மாறியது.

"அப்ப புரோகிராமா எழுதியிருந்தா இது நடந்திருக்காது."

"அதுலயும் ரெண்டு வரியை மேல கீழ மாத்திப் போட்டா நடக்கும். நான் போட்டிருக்கேன். மேடையில, முந்நூறு பேர் முன்னால."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள். "சுரம் தப்பாக் கேட்டப்ப அண்ணன்கிட்ட என்னங்க சொன்னீங்க?"



விரலைச் சரியாக வை என்று அருளானந்து அண்ணனிடம் சொல்லியிருந்தார். ஒரு தடவை அல்ல, நான்கு நாட்கள். கடைசி நாள் அந்த விரலைப் பிடித்து அழுத்தியும் காட்டியிருந்தார்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பெட்டியை மாத்தி வைக்க ஒரு நிமிஷந்தானுங்க சார். சரி பண்ணிட்டே போங்க."

"அதை அப்புறம் பண்ணிக்கறேன் டீச்சர்," என்றார். "மொதல்ல அண்ணன்கிட்ட சொல்லணும்."