மொரி வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. டீச்சர் பேசியது கொஞ்சம்தான். நான் சொல்லப்போனால் நீண்டுவிடும். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னே பின்னே ஆகியிருந்தால் தப்பு என்னுடையது, டீச்சருடையது அல்ல.

சென்னிமலையில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறேன். அவுரி இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்து நூலுக்கு ஏற்றுகிற பட்டறை. ஜப்பானிலும் இதே வேலை செய்கிற ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் பட்டறைக்கு அழைப்பு வந்தது. மொரி என்கிற குடும்பத்தின் வீட்டில் பத்து நாள் தங்கி, அவர்கள் சாயம் போடுவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். என்னைத்தான் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

எனக்கு ஜப்பான் மொழியில் பத்து வார்த்தையாவது சொல்லிக்கொடுக்க வந்தவர் சங்கவி டீச்சர். அவருக்கு வயது இருபத்தாறு. எனக்கு நாற்பத்தொன்பது. அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை டீச்சர் என்பேன்.

பத்து வார்த்தையைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. மொரி வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

என் நாத்தனார் திருப்பூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று கொண்டுபோனேன். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். என் கண்ணெதிரிலேயே பாத்திரம் தேய்க்கிற அம்மாவிடம், "நீ எடுத்துக்க" என்று நீட்டிவிட்டாள். பதினோரு வருஷம் ஆகிறது. இன்னொரு வீட்டில் போய் அப்படி நிற்க என்னால் ஆகாது.

அதனால் பித்தளைக் குத்துவிளக்கு வாங்கினேன்.

ஞாயிறு வகுப்பில் டீச்சரிடம் கேட்டேன்.

"குத்துவிளக்கு போதுங்களா டீச்சர்? கூட ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழும் வெச்சுக்கட்டுங்களா?"

"விளக்கு எத்தனை கிலோங்கக்கா?"

"ஆறு கிலோங்க. அசந்து போயிருவாங்க."

டீச்சர் சிரித்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமை உங்க ஊட்டுக்கு வரட்டுங்களா?"

"வாங்க, வாங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே?"

"வந்து சொல்றேனுங்க."

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றியதும் என் கையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். திறந்தேன். அரக்கு நிறத்தில் பட்டுச்சேலை. ஒரு சாண் ஜரிகை.

"என்னங்க டீச்சர் இது!"

"மொதோத் தடவையா வர்றேன்ல. வெச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையாக அனுப்ப முடியுமா? தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, ரவிக்கைத்துணி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் அந்த ரவிக்கைத்துணி கைக்குட்டை மாதிரி இருந்தது.

"உக்காருங்க டீச்சர், இதோ வந்தர்றேன்" என்று உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். இருப்பதெல்லாம் கட்டின சேலைகள். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் செட் ஒன்று கிடந்தது. அதில் கொடுத்தவர் பெயர் இன்னும் ஒட்டியிருந்தது. வெளியே வந்து டீச்சரைப் பார்த்துச் சிரித்தேன். மறுபடி உள்ளே போனேன்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

"டீச்சர் தனியா உக்காந்திருக்காங்க. நானும் எத்தனை நேரந்தான் மழையைப் பத்தியே பேசறது?"

"பட்டுக்குப் பதிலா என்னங்க வெக்கறது?"

"பீரோவையே குடுத்துரு புள்ள. நான் ஒரு பக்கம் புடிச்சுக்கறேன்."

அவரைத் திட்டிவிட்டுக் காபி போடப் போனேன். நினைப்பெல்லாம் பீரோவில் இருந்தது. டிகாஷன் ஊற்ற மறந்து வெறும் பாலைக் கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் அதையே குடித்தார்.

கடைசியில் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"நான் வந்து எவ்வளவு நேரமாச்சுங்கக்கா?"

"ஒரு மணி நேரம் இருக்குமுங்க."

"எங்கூட எவ்வளவு நேரம் உக்காந்தீங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான் என்ன பேசினேன்னாவது தெரியுங்களா?"

"மழையைப் பத்திங்களா?"

"அது உங்க ஊட்டுக்காரரு."

என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பது கேட்டது.

டீச்சர் கையை நீட்டினார். "சேலையைக் குடுங்கக்கா. எங்கம்மாவோடது. அவங்க கோயில்ல இருந்து வர்றதுக்குள்ள எடுத்த எடத்துல வெக்கலீன்னா இன்னிக்கு எனக்குச் சோறு கெடையாது."

கொடுத்துவிட்டேன். தலையிலிருந்து நெல்லு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. எழுந்து போய் ஒழுங்காக ஒரு காபி போட்டு வந்தேன். அப்புறம் இரண்டு பேரும் என்னென்னமோ பேசினோம். மொரி வீட்டு அம்மாவுக்கும் என் மாதிரியே நகக்கண்ணெல்லாம் நீலமாக இருக்குமா என்று கேட்டேன். கட்டாயம் இருக்கும் என்றார்.

"அந்த ஊர்லயும் பதில் மரியாதை செய்யாம உட மாட்டாங்களா டீச்சர்?"

"நம்மளைவிட மோசமுங்க."

டீச்சர் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாய்ப் பெட்டியை எடுத்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்துத் தானும் ஒன்றைக் கடித்தார்.

"இந்த மாதிரி ஒண்ணு கொண்டுபோங்க. அழகாத் தாள் சுத்தி, ரெண்டு கையாலயும் குடுங்க."

"இதைத் தின்னாத் தீந்துருமுங்களே?"

"ஆமாங்கக்கா."

"பத்து நாள் சோறு போடறவங்களுக்கு மிட்டாய்ப் பெட்டியா? எங்க நாத்தனா மாதிரி அவங்களும் வேற யாருக்காச்சும் நீட்டிட்டாங்கன்னா?"

"நீட்டட்டுமே. பக்கத்து ஊட்டுக்காரங்களும் தின்னு பாக்கட்டும்."

எனக்கு மனசு ஆறவில்லை. "விளக்குன்னா காலத்துக்கும் இருக்குமுங்க. அதைப் பாத்தா என் நெனப்பு வரும்."

டீச்சர் மூலையில் நின்ற விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, அந்த ஊட்டுக்குப் போகப்போறது நீங்களா, வெளக்கா?"

கடலைமிட்டாய் கையிலேயே இருந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியில் கடலைமிட்டாயை வைத்தேன். விளக்கையும் வைத்தேன். எடுத்தேன். துண்டில் சுற்றி, சேலைகளுக்கு அடியில் மறுபடி வைத்தேன். பிறகு எனக்கே என்மேல் பயம் வந்து டீச்சருக்கு ஃபோன் செய்தேன்.

வந்தார். சேலைகளுக்கு அடியில் கைவிட்டு விளக்கை வெளியே எடுத்து வைத்தார்.

"டீச்சர், இது நம்பர் பூட்டுங்க. நீங்களே ஒரு நம்பர் வெச்சுப் பூட்டிருங்க. எனக்குச் சொல்லாதீங்க. நான் ஜப்பான்ல எறங்குனதுக்கப்பறம் ஃபோன்ல சொல்லுங்க."

"ஏர்போர்ட்ல தொறக்கச் சொன்னா?"

"அங்கிருந்தே கூப்பிடறேனுங்க. அந்த ஆபீசருகிட்ட மட்டும் சொல்லுங்க."

டீச்சர் பெட்டியின் முன் குனிந்தார். பூட்டின் சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகிற சத்தம் கேட்டது. எங்கே பார்த்துவிடுவேனோ என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.