இலுப்பை மரத்து அம்புக்குறிகள்

ஒரு காட்டில், இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் ஓர் இலுப்பை மரம் நின்றது. இடப்பக்கப் பாதை சுனைக்குப் போகும். வலப்பக்கப் பாதை புதைசேற்றில் போய் முடியும்.

அந்தக் காட்டில் மான்களே அதிகம். அதனால் ஒரு மரங்கொத்தி, “வலப்பக்கம் போகாதீர்கள், புதைசேறு” என்று மரத்தின் முன்பக்கத்தில் மான்களின் மொழியில் பெரிதாகக் கொத்தி வைத்தது. மற்ற மொழிகளில் அதே செய்தியைப் பின்பக்கத்தில் எழுதியது.

மரங்கொத்திக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. முதலில் வீம்புக்காரக் கரடி வந்தது. பின்னால் தன் மொழி இருப்பது முன்னால் நிற்பவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டது. நியாயமான கேள்விதான். “கரடி மொழிக்கு இப்படி வரவும்” என்று எழுதி, வலப்பக்கமாக ஓர் அம்புக்குறியும் போட்டது மரங்கொத்தி.

மறுநாள் யானை வந்து, கரடியுடையதைவிடப் பெரிதாகத் தனக்கு ஒன்று கேட்டது. பிறகு நரி, முயல், காட்டெருமை என்று வரிசையாக வந்தன. குரங்குகள் தங்கள் வரிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டன. இடம் போதவில்லை. மரங்கொத்தி எச்சரிக்கையைச் சுரண்டிவிட்டு, அடிவேருக்கு அருகே பொடி எழுத்தில் எழுதியது.

ஒரு கோடைப் பகலில், பக்கத்து மலையிலிருந்து ஒரு மான் தன் குட்டியோடு தண்ணீர் தேடி வந்தது. மரம் முழுவதும் அம்புகள். எல்லாம் வலப்பக்கமே காட்டின. அங்கேதான் தண்ணீர் என்று நினைத்தது மான். குட்டி முந்தி ஓடியது. வயிறுவரை சேற்றில் இறங்கிவிட்டது.

தாயின் அலறல் கேட்டு யானை ஓடி வந்தது. கெட்டித் தரையில் நின்றபடி தும்பிக்கையை நீட்டி, குட்டியை மெல்லத் தூக்கிக் கரையில் விட்டது. குட்டி தள்ளாடி எழுந்து நின்றது. தாய் அதை நக்கிக்கொடுத்தது.

“இத்தனை அம்புகள் இந்தப் பக்கம் காட்டினவே” என்றது மான்.

மரங்கொத்தி தலை குனிந்தது. அலறல் கேட்டு மற்ற விலங்குகளும் அங்கே கூடியிருந்தன. அவற்றில் ஒரு கீரி சொன்னது: “எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே அடையாளம் போதும். மேல் மூலையில் சின்னதாக ஒரு நாக்கை வரைந்துவிடு. வேண்டியவர்கள் பின்னால் போய்த் தங்கள் மொழியில் படித்துக்கொள்வார்கள்.”

“என் பெயர் முன்னால் இருக்காதா?” என்றது கரடி.

“பெயர் இருக்காது. படிக்க வழி இருக்கும்” என்றது கீரி.

கரடி, சேறு அப்பிய குட்டியைப் பார்த்தது. பிறகு மரத்தருகே போய், தன் வரியைத் தானே நகத்தால் சுரண்டியது. மற்றவையும் அப்படியே செய்தன. மரங்கொத்தி எச்சரிக்கையைப் பழையபடி முன்பக்கத்தில் பெரிதாகக் கொத்தி, மேல் மூலையில் நாக்கை வரைந்தது.

மாலையில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் அந்த வழியே வந்தது. மூலையில் இருந்த நாக்கைப் பார்த்தது. பின்னால் போய்ப் படித்தது. இடப்பக்கம் திரும்பிச் சுனைக்கு நடந்தது. கிளையில் இருந்த மரங்கொத்தி நிம்மதியாக மூச்சு விட்டது.

நீதி: எல்லாரையும் அழைக்கும் அவசரத்தில், சொல்ல வந்ததை மறைத்துவிடக் கூடாது.