எறும்புக்குத் தேன் விற்கப் போன வெள்ளெலி

ஒரு காட்டின் ஓரத்தில், குளத்தங்கரைக்குச் சற்றுத் தள்ளி, பொன்னுரங்கம் என்ற வெள்ளெலி தன் மனைவி தெய்வானையோடு வளை தோண்டிக் குடியிருந்தது. பக்கத்திலேயே கம்பங்கொல்லை. புரட்டாசி அறுவடை முடிந்ததும் இரண்டும் ஓடி ஓடிச் சிந்திக் கிடந்த கம்பையெல்லாம் பொறுக்கின. வளையின் உள்ளறை நிரம்பிவிட்டது.

ஐப்பசி பிறந்தால் அடைமழை. கொல்லை முழுக்கத் தண்ணீர் நிற்கும். வெளியே ஒரு மணி கிடைக்காது. தெய்வானைக்கு அப்போதுதான் ஐந்து குட்டிகள் பிறந்திருந்தன. ஒன்றுகூட இன்னும் கண் திறக்கவில்லை. தாய் தின்றால்தான் பால் ஊறும். பால் ஊறினால்தான் குட்டிகள் மழைக்காலத்தைத் தாண்டும். அந்த உள்ளறைக் கம்பை விட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு நாதி இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஒருநாள் காலை கொண்டலாத்திப் பறவை ஒன்று வளைக்கு முன்னால் வந்து இறங்கியது. தலைக் கொண்டையை விசிறி மாதிரி ஒருமுறை விரித்து மூடியது.

"நண்பரே, இன்னும் எத்தனை காலத்துக்குத்தான் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிக்கிட்டே இருப்பீங்க?" என்றது.

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. பொறுக்கிப் பொறுக்கி முதுகு விட்டுப்போயிருந்த நேரம் அது.

"பொறுக்காம எப்படி சார் சாப்பிடறது?"

"அடுத்தவர் சரக்கை வித்துக் கொடுங்க. மலையடிவாரத்துக் கரடி தேன் விக்குது இல்லையா? அங்கே நீங்க ஆள் அனுப்பணும். அவ்வளவுதான் வேலை. நீங்க அனுப்பின ஆள் ஒரு தேனடை வாங்கினா உங்களுக்கு இருபது மணி கம்பு பங்கு."

"நான்தான் அனுப்பினேன்னு கரடிக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு புங்க இலையில உங்க பல்லைப் பதிச்சுக் கொடுத்தனுப்புங்க. உங்க பல் தடம் வேற யாருக்கும் வராது. கரடி இலையைப் பார்த்துப் பங்கைக் கொடுத்துடும்."

"சரி சார். ஆனா என்னைத் தேடி யார் வருவாங்க? என் வளை இருக்கிற இடமே யாருக்கும் தெரியாதே."

"அதுக்குத்தான் கிளிங்க இருக்கு" என்றது கொண்டலாத்தி.

குளத்தங்கரை ஆலமரத்தில் ஒரு கிளிக்கூட்டம் இருந்தது. காட்டு மிருகங்களெல்லாம் தண்ணீர் குடிக்க அங்கேதான் வரும். யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் கிளிகள் அதைக் கூவும். கூவுவதற்குக் கூலியே கிடையாது. கூவலைக் கேட்டு யாராவது வாசல்வரை வந்தால் மட்டும் தலைக்கு ஒரு மணி. வந்தவர் வாங்கினாலும் ஒரு மணி, வாங்காமல் திரும்பினாலும் ஒரு மணி.

"ஒரு மணி போட்டா இருபது மணி வருது, நண்பரே. இதை ஏழு பாடமா சொல்லித் தர்றேன். பாடத்துக்கு ஒரு கொட்டாங்குச்சி கம்பு போதும்."

உள்ளே குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தெய்வானை தலையை நீட்டியது. "என்னங்க, இவருக்குத்தான் இவ்வளவு தெரியுதே. இவரே கிளியை விட்டுக் கூவித் தேன் விக்க வேண்டியதுதானே? நம்ம கொட்டாங்குச்சிக் கம்பு இவருக்கு எதுக்கு?"

"உனக்கு இதெல்லாம் புரியாது, பேசாம இரு" என்றது பொன்னுரங்கம்.

கேட்டது நல்ல கேள்வி. ஆனால் ஆசை பிடித்துவிட்டால் காது எங்கே கேட்கிறது? பொன்னுரங்கம் ஒரு கொட்டாங்குச்சிக் கம்பை அளந்து கொடுத்து முதல் பாடம் கேட்டது. அன்றைக்கே ஆலமரத்தில் கிளிகள் கூவத் தொடங்கின.

"தேன், தேன்! பொன்னுரங்கம் வளைக்குப் போனால் தேனுக்கு வழி!"

முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு மரநாய் இலையை வாங்கிக்கொண்டு போய்க் கரடியிடம் ஓர் அடை தேன் வாங்கியது. மறுநாள் காலை ஒரு காக்கை வந்து, "கரடி கொடுத்தனுப்பிச்சு" என்று இருபது மணி கம்பைக் கொட்டிவிட்டுப் போனது.

போட்டது மூன்று, வந்தது இருபது. பொன்னுரங்கம் வளைக்குள் நின்று குதித்தது. அந்த மரநாய் அன்று வராமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நஷ்டம் ஒரு கொட்டாங்குச்சியோடு போயிருக்கும்.

அடுத்த நாள் பத்துப் பேர் வந்தார்கள். ஒரு மான் வந்து நின்று, "சத்தம் கேட்டுச்சு, என்னன்னு பார்க்க வந்தேன்" என்றது. பார்த்தது, போய்விட்டது. நான்கு குரங்குகள் வந்து இலையைப் பிய்த்துத் தின்றன. ஒரு மயில், தேன் தின்றால் தொண்டை சரியாகுமா என்று வெகுநேரம் விசாரித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றது. வாசலில் உட்கார்ந்திருந்த கிளி ஒவ்வொரு தலைக்கும் ஒரு மணி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டது. அதற்கடுத்த நாளும் இதே கதைதான். காக்கை வரவேயில்லை.

அதற்குள் ஒரு முயலும் அதே கரடியின் தேனுக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்திருந்தது. முயலின் கூவலை மேல் கிளையில் வைத்துக் கூவின கிளிகள். பொன்னுரங்கத்தின் கூவல் கீழ்க்கிளைக்கு இறங்கிவிட்டது.

"மேல் கிளை வேணும்னா தலைக்கு ரெண்டு மணி" என்றது கிளித்தலைவி.

பொன்னுரங்கம் ஒத்துக்கொண்டது. அப்படியும் தேன் விற்கவில்லை. கொண்டலாத்தியிடம் ஓடியது.

"நண்பரே, சொல்லுலதான் கோளாறு" என்றது கொண்டலாத்தி. "தேன்னு கூவினா தேன் வேணும்னு நினைக்கிறவங்க மட்டும்தான் வருவாங்க. அந்தக் கூட்டம் சின்னக் கூட்டம். 'இனிப்பு'ன்னு கூவச் சொல்லுங்க. நாக்கு இருக்கிற ஜீவனெல்லாம் வரும். நூத்துக்கு ஒண்ணு வாங்கினா போதும், நீங்க எங்கேயோ போயிடுவீங்க."

கிளித்தலைவி இதைக் கேட்டுக்கொண்டு, "ஒரு நாளைக்கு இத்தனை பேர் போதும்னு எல்லை ஏதாவது வைக்கிறீங்களா?" என்று கேட்டது. நியாயமாகத்தான் கேட்டது.

பொன்னுரங்கம் கொண்டலாத்தியைப் பார்த்தது. கொண்டலாத்தி கொண்டையை விரித்து, "வளரணும்னு நினைக்கிறவங்க எல்லை வைக்க மாட்டாங்க" என்றது.

"எல்லை வேண்டாம்" என்றது பொன்னுரங்கம்.

வளைக்குத் திரும்பியதும் அதற்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை நாளில் இலை வாங்கிப் போனவர்களில் இரண்டு பேராவது தேன் வாங்கியிருக்க மாட்டார்களா? காக்கைதான் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். நேரே போய்க் கரடியையே கேட்டுவிடலாம். மலையடிவாரம் ஒரு பகல் நடை.

"இப்போ போகாதீங்க. மேற்கே கறுத்துக்கிட்டு இருக்கு" என்றது தெய்வானை.

"போனேன் வந்தேன்னு வந்துடுவேன். திரும்பி வரும்போது பாரு" என்று சொல்லிவிட்டுப் பொன்னுரங்கம் கிளம்பியது.

அது போன சற்று நேரத்துக்கெல்லாம் ஆலமரத்து உச்சியில் கிளிகள், "இனிப்பு, இனிப்பு!" என்று கூவின.

இனிப்பு என்றால் காட்டில் யார் முதலில் வருவார்கள்? சொல்லவும் வேண்டுமா! குளக்கரைப் புற்றிலிருந்து எறும்புகள் புறப்பட்டன. ஒன்றன் பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசை கட்டி வந்தன. ஒவ்வோர் எறும்பும் வாசலுக்கு வந்தது, மீசையை ஆட்டிப் பார்த்தது, இனிப்பு இல்லை என்று தெரிந்ததும் திரும்பியது. வாசல் கிளி ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி எடுத்தது.

தெய்வானை பதறிப்போய் ஓடி வந்தது.

"கிளியம்மா, இது எறும்பு! இது என்ன தேனடையா வாங்கப் போகுது? இதையுமா கணக்குல சேர்ப்பீங்க?"

"எறும்புக்கும் தலை இருக்கே" என்றது கிளி. "தலைக்கு ரெண்டு மணின்னுதான் பேச்சு."

"அப்போ கூவறதை நிறுத்துங்க. புள்ளைங்க இருக்கிற வீடு. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"கூவல் பொன்னுரங்கம் பேர்ல இருக்கு. அவர் வந்து சொன்னாத்தான் நிறுத்த முடியும். நீங்க சொல்லி நிறுத்தினா எங்க மேல தப்பு வந்துடும்."

தெய்வானை வாசலை மண்ணால் அடைத்துப் பார்த்தது. எறும்பு அடைத்த வாசலுக்கு முன்னால் வந்து நின்றாலும் வந்ததாகத்தான் கணக்கு என்றது கிளி. உதவிக்கு நான்கு கிளிகள் பறந்து வந்து, மண்ணைத் தள்ளிவிட்டு உள்ளறையிலிருந்து கம்பை எடுத்துக் கொடுத்தன. அந்தக் கிளிகள் திருடவில்லை, அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. பேசினபடி எடுத்துக்கொண்டன, அவ்வளவுதான். நினைத்தால் வயிறு எரிகிறது.

அங்கே கரடி பொன்னுரங்கத்தைக் குகை வாசலிலேயே நிறுத்திவிட்டது. "உன் பல் தடம் போட்ட இலை மரநாய்க்குப் பிறகு ஒண்ணும் வரலை. இனி வந்தாலும் பங்கு கிடையாது. மழைக்காலத்துல எனக்கே தேன் பத்தாது. பங்கு கொடுக்கறதை நிறுத்திட்டேன்" என்றது.

"எனக்கு யாரும் சொல்லலையே ஐயா."

"எல்லாருக்கும் தனித்தனியா சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் கரடி உள்ளே போய்விட்டது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக் கிடந்து, மூன்றாம் நாள் நனைந்த பஞ்சு மாதிரி பொன்னுரங்கம் வளைக்கு வந்து சேர்ந்தது. கிளிகள் இல்லை. வாசல் முழுக்க எறும்புத் தடம்.

"இவ்வளவு கூட்டமா!" என்றது பொன்னுரங்கம். "எத்தனை அடை வித்துச்சு?"

தெய்வானை உள்ளறையைக் காட்டியது. மண் தரை தெரிந்தது. மூலையில் ஒரு கைப்பிடி உமி மட்டும் கிடந்தது.

பொன்னுரங்கம் அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதது. பிறகு மழையோடு மழையாகக் கொண்டலாத்தியிடம் ஓடியது.

"சார், எறும்பு வந்து எல்லாம் போச்சு சார். என் குட்டிங்களுக்கு ஒண்ணும் இல்லை."

கொண்டலாத்திக்கும் முகம் வாடத்தான் செய்தது. "அடடா. எறும்பை விலக்கிக் கூவற விதம் ஒண்ணு இருக்கு, நண்பரே. அது ரெண்டாம் பாடம். நீங்க முதல் பாடம்தானே வாங்கினீங்க?"

பொன்னுரங்கம் திரும்பி வந்தது.

மழை விடவில்லை. கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். பொன்னுரங்கம் வரப்போரம் நீந்தி நீந்தித் தேடியது. ஊறி அழுகிய இரண்டு கம்பந்தட்டையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. தெய்வானை உமியைத் தின்றது. வேரைத் தின்றது. இரண்டு நாளில் பால் வற்றியது. குட்டிகள் கத்தின. அப்புறம் கத்தத் தெம்பில்லாமல் கிடந்தன. மூன்றாம் நாள் விடியும்போது எல்லாவற்றிலும் சிறியது அசையவில்லை. தெய்வானை அதை நக்கி நக்கிப் பார்த்தது. பிறகு ஓரமாகக் கிடத்தி இலையால் மூடியது. கணவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது பொன்னுரங்கத்துக்கு.

"காட்டுக்குள்ள எங்க அண்ணன் வளைக்குப் போயிடலாங்க" என்றது தெய்வானை. "மேட்டு வளை. அண்ணன்கிட்டே கம்பு இருக்கும். ஆளுக்கு ஒண்ணா ரெண்டு நடை போனா நாலையும் சேர்த்துடலாம். உங்களால நடக்க முடியும் இல்லையா?"

"முடியும். இப்பவே கிளம்பலாம்" என்றது பொன்னுரங்கம். உண்மையாகத்தான் சொன்னது. ஒரு குட்டியை வாயில் கவ்வக் குனியவும் செய்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் இறக்கையை உதறும் சத்தம். கிளித்தலைவி நின்றுகொண்டிருந்தது.

"பழைய வாடிக்கைன்னு உங்களைத் தேடி வந்தேன். மேல் கிளை இப்போ காலியா இருக்கு. முதல் பத்துத் தலைக்குக் கூலி கிடையாது. குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குரங்கு புதுசா பலாச்சுளை விக்குது. ஆள் அனுப்பினா முப்பது மணி பங்காம்."

பொன்னுரங்கம் நிமிர்ந்தது. தெய்வானை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முப்பதா?" என்று கேட்டது பொன்னுரங்கம். வாசல் பக்கம் நகர்ந்து, "எறும்பை விலக்கிக் கூவுவீங்களா?" என்றது.

தெய்வானை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மழையில் இறங்கியது. மாலையில் திரும்பி வந்து இரண்டாவதைக் கவ்விக்கொண்டு போனது. அதற்குள் வாசலில் ஒரு கிளி வந்து உட்கார்ந்திருந்தது. மறுநாள் வந்தபோது மூன்றாவது குட்டி குளிரில் விறைத்துக் கிடந்தது. பொன்னுரங்கம் அதைக் கவனிக்கவில்லை. வாசலில் நின்று, ஆலமரத்துப் பக்கம் காதைத் திருப்பி, தன் கூவல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தெய்வானை மிச்சமிருந்த ஒன்றைக் கவ்வியது. வாசலில் அது தன்னைக் கடக்கும்போது, "இந்த ஒரு தடவை மட்டும் பார்த்துடறேன், தெய்வானை. இப்போ எனக்குத் தொழில் புரிஞ்சு போச்சு" என்றது பொன்னுரங்கம். தெய்வானையின் வாயில் குட்டி இருந்தது. அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டார் வயிற்றுக்கு வைத்திருப்பதை முதலாகப் போட்டுத் தெரியாத தொழிலைக் கற்றுக்கொள்ளப் போகிறவன், அந்தத் தொழில் பிடிபடுமுன்னே வீட்டாரை இழந்து நிற்பான்.