பேச மறுத்த வாய்க்கிருமிகள்

"மேடம், என் கிருமிகளுக்குச் சொரணையே இல்ல."

சொன்னவர் பல் டாக்டர் பிரமநாயகம். ஐம்பதைத் தாண்டியவர். திருநெல்வேலியில் பாதிப் பேரின் வாயை எட்டிப் பார்த்தவர். கிளினிக்கை மகளிடம் விட்டுவிட்டு, இந்த வயதில் ஆராய்ச்சிப் படிப்பில் வந்து சேர்ந்திருந்தார்.

மெஹருன்னிஸா அவருடைய வழிகாட்டி. அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்.

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன செய்யுதுக?"

"ஒண்ணுமே செய்யல. அதான் சொல்லுதேன். பேசவே மாட்டேங்குதுக."

வாயில் குடியிருக்கும் கிருமிகளுக்குத் தங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. இனிப்பு தீர்ந்தாலோ புளிப்பு ஏறினாலோ, ஒன்று இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும். பிறகு எல்லாம் கூடி ஒட்டிக்கொண்டு, மேலே ஒரு போர்வையை நெய்துகொள்ளும்.

பிரமநாயகத்தின் கிருமிகள், சேதி அனுப்பும்போது பச்சையாக மினுங்கும்படி மாற்றப்பட்டவை. ஆனால் எப்போது போய்ப் பார்த்தாலும், அவற்றை வளர்க்கும் கண்ணாடித் தட்டு இருட்டாகவே கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் மினுங்காவிட்டால் அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். கல்லூரிக் காலத்திலிருந்து மனசுக்குள் வைத்திருந்த ஆசை.

"சாப்பாடு என்ன போடுதீங்க?"

"காலையில சர்க்கரைத் தண்ணி. மத்தியானம் ஒருக்கா. வீட்டுக்குப் போகும்போதும் ஊத்திட்டுத்தான் போவேன்."

"புளிச்சுப் போனா?"

"புளிக்க விட்டுருவேனா? லேசா ஏறும்போதே மருந்து ஊத்திச் சரி பண்ணிருவேன்."

"ஏன் அண்ணாச்சி இவ்வளவு செல்லம்?"

பிரமநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இத்தனை வருசமா இதுகளைக் கொன்னுதான மேடம் சோறு தின்னேன். இப்பவாவது நல்லா வச்சுக்கிடலாம்னு..."

மெஹருன்னிஸாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கைப்பையை எடுத்தார்.

"எந்திரிங்க. அல்வா சாப்பிடப் போவோம்."

கடையில் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வா வந்தது. முதல் விள்ளல் உள்ளே போனதும் பிரமநாயகத்தின் கண்கள் தானாக மூடிக்கொண்டன. ஊர்க்காரர்களை எல்லாம் இனிப்பு தின்னாதே என்று மிரட்டியவர்தான்.

"ஆகா!"

மெஹருன்னிஸா இன்னொரு இலை வாங்கி நீட்டினார். அதுவும் போயிற்று. மறுபடி ஒன்று. அதற்குப் பிறகும் ஒன்று.

"இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இனிக்குதா?"

மென்றபடியே யோசித்தார். "தெரியலையே மேடம்."

அல்வா தின்றவர்களுக்கு ஒரு பிடி மிக்சர் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். கடைக்காரர் கூப்பிட்டு உள்ளங்கையில் போட்டார். வாயில் போட்டதும் காரம் சுரீரென்று ஏறியது. எச்சில் ஊறியது. இலையில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கை வழித்து நாக்கில் வைத்தார்.

அப்படி ஒரு இனிப்பு!

பிரமநாயகம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

"எங்க அண்ணாச்சி?"

"லேபுக்கு மேடம், லேபுக்கு!"

சாயங்காலம் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றும் வேளை வந்தது. பாட்டிலை எடுத்தார், வைத்தார். புளிப்பு ஏறிக்கொண்டிருந்தது. மருந்தை எடுத்தார், அதையும் வைத்தார். எல்லாம் செத்துத் தொலைந்துவிட்டால் என்ன செய்வது? மனசைக் கல்லாக்கிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் குனிந்தார்.

ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு முழுக்கக் கோயில் கொடைவிழாப் பந்தல்போல ஜொலித்தது. ஒன்றையொன்று கட்டிக்கொண்டு போர்வை நெய்யவும் தொடங்கியிருந்தன.

பிரமநாயகம் ஒரு குதி குதித்தார். பல் டாக்டர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"மேடம், ஓடி வாங்க! பேசுதுக! அம்புட்டும் சேந்து பேசுதுக!"

மெஹருன்னிஸா வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

பிரமநாயகத்துக்குச் சந்தோசத்தில் கை நிற்கவில்லை. சர்க்கரைப் பாட்டிலைத் திறந்துவிட்டார்.

"பாவம் மேடம், ராத்திரி பூரா பட்டினி. ஒரே ஒரு சொட்டு ஊத்தட்டுமா?"

மெஹருன்னிஸா பாட்டிலை வாங்கி மூடினார்.

"பேசி முடிக்கட்டும் அண்ணாச்சி."