அலிஃப் கையை விட்ட நாள்

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் மட்டுமல்ல, பாரசீக மொழியின் எழுத்துகளும் வாய் திறந்து பேசின. அவற்றுக்குக் கைகளும் இருந்தன. வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாக வரிசையில் நிற்கும். ஒன்றின் கையை மற்றொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். என்ன ஆனாலும் விடாது. தனியாக நிற்கும் எழுத்தைப் பாலைவனக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவை நம்பின.

எல்லாவற்றையும்விட அதிகம் பயந்தது அலிஃப். அது குச்சி போல் மெலிந்து, நெடுநெடுவென்று இருக்கும். "நானெல்லாம் பறந்தால் நேரே கடலில்தான் போய் விழுவேன்" என்று அடிக்கடி சொல்லி நடுங்கும்.

ஓர் ஆண்டு மழையே பெய்யவில்லை. மாதுளைத் தோட்டத்துக் குளம் வற்றி வற்றி ஒரு தட்டளவு தண்ணீராகிவிட்டது. அதற்குள் குல்னார் என்ற சிவப்பு மீன் வாலை மடக்கிக்கொண்டு கிடந்தது. வெயில் படாமலிருக்க, பஹ்மான் என்ற கழுதை நான்கு கால்களையும் அகட்டி, அந்தத் தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டது.

"அண்ணே, முதுகு காய்கிறது" என்றது குல்னார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் நகரு தங்கச்சி. என் வயிற்றுக்கு நேர் கீழேதான் நிழல் அதிகம்."

எதிர்மலை உச்சியில் ஒரு பெரிய மேகம் உட்கார்ந்திருந்தது. ஆடு கத்தியது, காகம் கரைந்தது, பஹ்மானும் தன் பங்குக்குக் கத்தித் தீர்த்தது. மேகம் அசையவில்லை.

"ஆளுக்கொரு சத்தம் போட்டால் நான் எதற்கென்று வருவது?" என்றது மேகம். "மழையின் பெயர் உங்கள் தோட்டத்து மண்சுவரின் மேலேயே நிற்கிறது. அதை எழுத்துக்கூட்டி வாசியுங்கள், வருகிறேன்."

சுவரின் மேல் பே, அலிஃப், ரே, இன்னோர் அலிஃப், நூன் என்று ஐந்து எழுத்துகள் கைகோத்து நின்றன. மெஹ்ரி என்ற கொண்டலாத்திப் பறவை பறந்து வந்து அவற்றின் எதிரே உட்கார்ந்தது.

"எங்கே, உங்கள் ஒலிகளைச் சொல்லுங்கள் பார்ப்போம்!"

இறுகப் பிடித்திருந்ததால், ஒன்று வாயைத் திறந்ததும் எல்லாமே சேர்ந்து திறந்துவிட்டன. "ப்ர்ன்ஆ!"

"யாருக்கு விக்கல்?" என்று கேட்டது மேகம்.

"தள்ளு, நான் வாசிக்கிறேன்" என்று பஹ்மான் நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டியது. "ஹீ... ஹா!"

"அது உன் பெயரப்பா" என்றது மேகம்.

மெஹ்ரி எழுத்துகளை நெருங்கிப் போய்ப் பார்த்தது. "நெருக்கியடித்து நிற்கிறீர்களே, எது எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. சற்றே கையை விடுங்கள். ஒவ்வொருவராகச் சொல்லலாம்."

"கையை விடுவதா?" என்று பதறியது பே. "என்னிடம் இருப்பது ஒரே ஒரு புள்ளி. அதையும் காற்று அடித்துப் போனால் நான் வெறும் கிண்ணம்!"

"எனக்கும் அதே கதைதான்" என்றது நூன். "அலிஃப் விடட்டுமே. அதற்குத்தான் புள்ளியே கிடையாதே."

"புள்ளி இல்லாவிட்டால் என்ன, உயிர் இருக்கிறதே!" என்றது அலிஃப்.

அப்போது கீழே சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. குல்னார் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. அதன் வாய் மெதுவாகத் திறந்து மூடியது. "அலிஃப் அண்ணா, மூச்சு முட்டுகிறது" என்றது.

அலிஃப் மீனைப் பார்த்தது. பிறகு வானத்தைப் பார்த்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, தனக்குப் பின்னால் நின்ற ரேயின் கையை விட்டுவிட்டது.

உடனே காற்று வந்தது. அலிஃப் இப்படிச் சாய்ந்தது, அப்படிச் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்துகொண்டது.

"நிற்கிறேன்!" என்று கத்தியது. "நான் நிற்கிறேன், பாருங்கள்!"

"அட, இவ்வளவுதானா?" என்று ரேயும் பின்கையை விட்டது. அதைப் பார்த்து இரண்டாவது அலிஃபும் விட்டது. எழுத்துகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. இப்போது ஒவ்வொன்றும் தன் முறை வந்தபோது மட்டும் வாயைத் திறந்தது. மெஹ்ரி கொண்டையை விரித்துக்கொண்டு நிதானமாக வாசித்தது.

"பா... ரா... ன். பாரான்!"

"இதோ வந்தேன்!" என்று மேகம் மலையிலிருந்து உருண்டு வந்தது. சடசடவென்று மழை கொட்டியது. குளம் நிறைந்தது. குல்னார் துள்ளி எழுந்து, "பஹ்மான் அண்ணே, நகருங்கள், மழையை மறைக்கிறீர்கள்!" என்றது.

சத்தம் கேட்டு மற்ற எழுத்துகளும் ஓடிவந்தன. ரேயின் தங்கைகளான ஒற்றைப் புள்ளிக்காரியும் மூன்று புள்ளிக்காரியும், முதுகு வளைந்த தால் எழுத்தும், புள்ளி வைத்த அதன் தம்பி ஸாலும், உருண்டைத்தலை வாவ் எழுத்தும் பின்கையை விட்டுவிட்டு மழையை ஏந்தி ஆடின. மற்றவை, "எங்களுக்கு இப்படியே நன்றாக இருக்கிறது" என்று பிடித்த கையை விடாமலே நனைந்தன.

அந்த மழை நாள் முதல்தான் பாரசீக எழுத்துகளில் அலிஃபும் அதன் ஆறு தோழர்களும் முன்னால் நிற்பவர் கை கொடுத்தால் பிடித்துக்கொள்கின்றன, பின்னால் நிற்பவருக்குக் கை கொடுப்பதில்லை. அந்த மொழியில் மழையின் பெயரை எழுதிப் பாருங்கள்: எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அது இன்றும் துளித்துளியாகத்தான் விழுகிறது.