யார் கை வைத்தது?

“ஒரு வண்டிய முழுசா எப்போ மாஸ்டர் என் கையில குடுப்பீங்க?” என்று செங்கோடன் கேட்டார்.

பிரிசில்லா மேசையில் கிடந்த மஞ்சள் காரின் சாவியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

போத்தனூரில் இருந்த பிரிசில்லாவின் ரேஸ் கார் ஷெட்டில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு அதிகம். குரு சீடரை அண்ணா என்பார். சீடர் குருவை மாஸ்டர் என்பார். செங்கோடன் சங்ககிரியில் லாரி மெக்கானிக்காக இருந்தவர். பாதி வாழ்க்கை டீசல் என்ஜினுக்கு அடியிலேயே போய்விட்டது. ரேஸ் கார் வேலை பழக வேண்டும் என்ற ஆசை வந்து, பட்டறையை மூடிவிட்டுக் கிளம்பினார்.

“இந்த வயசுல ஒரு பொம்பளகிட்டப் போயி ஸ்பேனர் புடிக்கப் போறீங்களா மாமா?” என்று மச்சினன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை எப்படியாவது பொய்யாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது?

மஞ்சள் கார் நிகிலேஷுடையது. மில் முதலாளி வீட்டுப் பையன். இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். போன வருஷம்தான் அதற்கு ஒரு டர்போ மாட்டியிருந்தார்கள். வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான் அது. அந்த வேகம் நிகிலேஷுக்குச் சலித்துவிட்டது. இப்போது அதைவிடப் பெரிய டர்போ வேண்டுமாம்.

“என்னண்ணா, லாரிக்கு மாட்டுற ஞாபகத்துல சுத்தியலத் தூக்கிராதீங்க,” என்றான்.

செங்கோடன் சிரித்துக்கொண்டார். பழைய டர்போவைக் கழற்றி, புதியதை மாட்டி, ஆயில் குழாய்களை இணைத்தார். உடனே ஸ்டார்ட் செய்துவிடவில்லை. பெட்ரோலை நிறுத்திவிட்டு, டர்போவுக்குள் போன ஆயில் மறுபக்கம் வழிந்து வரும்வரை செல்ஃப் அடித்து வெறும் என்ஜினைச் சுற்ற வைத்தார். தூரத்தில் நின்று பார்த்த பிரிசில்லா தலையசைத்தார். அன்று முழுக்க செங்கோடனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

காருக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை லேப்டாப்பில் பிரிசில்லாதான் அமைத்தார். எவ்வளவு காற்று போகலாம் என்பதற்கு ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பி நிறுத்தி, திருகின் மேலும் அதைப் பிடித்திருந்த உலோகத்தின் மேலும் சேர்த்து நகப்பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

“இதுக்கு மேல வேண்டாண்ணா.”

“ஏனுங் மாஸ்டர், டர்போ இன்னும் ஊதுமுங்களே?”

“டர்போ ஊதும். அதுக்குத் தகுந்த பெட்ரோல் வரோணுமே.”

செங்கோடன் தலையாட்டினார். புரியவில்லை. இன்னொரு தடவை கேட்க வெட்கமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை ரேஸ் நல்லபடியா முடியட்டும். அடுத்த வண்டிக்கு லேப்டாப்பும் உங்க கையிலதான்.”

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் நல்ல கூட்டம். பிரிசில்லா நுழைவுச் சீட்டு வாங்கப் போயிருந்தார். நிகிலேஷ் செங்கோடனின் தோளில் கை போட்டான்.

“மாஸ்டர், கொஞ்சூண்டு ஏத்தி விடுங்க.”

அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை.

“அவங்க வேண்டான்னுட்டாங்க தம்பி.”

“அவங்க பயப்படுவாங்க. நீங்க எத்தன லாரி பாத்த கையி! உங்களுக்குத் தெரியாததா?”

லாரியில் காற்று கூடினால் என்ஜின் குளிரும். அதை அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார். காற்றுதானே, என்ன செய்துவிடும்? திருகை அரைச் சுற்றுத் திருப்பினார்.

மூன்றாவது சுற்றில் மஞ்சள் காரின் பின்னால் வெள்ளையாகப் புகை எழுந்தது.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பிரிசில்லா பானெட்டைத் திறந்தார். சிவப்புக் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு அங்கும் ஒரு துண்டு இங்கும் நின்றது. ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றினார். அதன் முனை உருகிப் போயிருந்தது.

“என்ன மேடம் இது?” நிகிலேஷ் கத்தினான். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். “நல்லா இருந்த வண்டி! யாரு இதுல கை வெச்சது?”

பிரிசில்லா உடனே பேசவில்லை. கையில் இருந்த துணியால் பானெட்டின் விளிம்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். நிகிலேஷ் ஒருமுறை செங்கோடனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். செங்கோடனுக்கு மச்சினனின் சிரிப்பு காதில் கேட்டது. கீழே குனிந்து, சிந்தாத ஆயிலைத் தேடுவதுபோலத் தரையைப் பார்த்தார்.

“நான்தான்,” என்றார் பிரிசில்லா.

“பொம்பளகிட்ட வண்டிய விட்டா இப்படித்தான்னு எங்கப்பா அப்பவே சொன்னாரு!”

யாரோ சிரித்தார்கள். தன் காருக்கும் டர்போ மாட்டுவதைப் பற்றிப் பேசக் காத்திருந்த ஒருவர், மெதுவாகப் பின்வாங்கி நடந்து போனார்.

“வண்டிய ஷெட்டுக்கு அனுப்புங்க. சரி பண்ணித் தர்றேன்,” என்றார் பிரிசில்லா.

மறுநாள் இருவரும் சேர்ந்து என்ஜினைப் பிரித்தார்கள். செங்கோடன் பிஸ்டனை வெளியே எடுத்தார். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“நான்தான் திருப்பினேன் மாஸ்டர்.”

“தெரியும்.”

“லாரி புத்தி. காத்து கூடுனா குளுந்துக்கும்னு நெனச்சுட்டேன்.”

“டீசல்ல அது சரி. இங்க காத்து ஏறுனா பெட்ரோலும் கூடவே ஏறோணும். ஏறலைன்னா உள்ள உருகிரும்.”

“அன்னிக்கே உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்.”

“நானும் வெவரமாச் சொல்லியிருக்கோணும். அது போகட்டும்.”

“உங்க பேச்சை மீறிட்டேன். அதானுங்களே கோவம்?”

“இல்ல. இனிமே நீங்க மீற மாட்டீங்க.”

செங்கோடன் பிஸ்டனைக் கீழே வைத்தார்.

“அப்பறம் ஏனுங் மாஸ்டர் காலைல இருந்து என்னைய ஒரு தடவ கூட அண்ணான்னு கூப்பிடல?”

பிரிசில்லா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“யாரு கை வெச்சதுன்னு அவன் கேட்டப்போ, நான் ஒடனே பதில் சொல்லல. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன்.”

“அந்த நேரத்த உங்களுக்குத்தான் விட்டேன்.”