கரடி சும்மா பார்க்கப் போன சிவப்பு வண்டி

மூங்கில்காட்டில் செம்பான் என்றொரு கரடி இருந்தது. தேனெடுப்பதில் கில்லாடி. ஆனால் எடுத்த தேனை முதுகில் சுமந்து மலைச்சந்தைக்கு ஏறுவதற்குள் அதற்கு நாக்குத் தள்ளிவிடும். "எனக்கு மட்டும் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தா!" என்று கண்டவரிடமெல்லாம் புலம்பும்.

ஆற்று வெள்ளம் வடிந்த மறுவாரம் சேதி வந்தது. ஓடைக்கரை மரநாய் பழைய வண்டி ஒன்றை விற்கிறதாம்! விலை ஆறு பானைத் தேன். செம்பான் வீட்டில் இருந்ததே ஆறு பானைதான். வரப்போகும் அடைமழைக்கு இரண்டு குட்டிகளுக்கும் அதுதான் சாப்பாடு.

"பார்த்துட்டு வாங்க. வாங்கிட்டு வந்துடாதீங்க!" என்றது மனைவி காத்தாயி.

"சும்மா பார்க்கத்தான்!" என்று சொல்லிவிட்டு, காத்தாயி அந்தப் பக்கம் திரும்பியதும் ஆறு பானையையும் தூக்கிக்கொண்டு ஓடியது செம்பான். சும்மா பார்க்கப் போகிற கரடிக்குப் பானை எதற்கு?

புங்கமரத்தடியில் வண்டி நின்றது. பளபளவென்று செக்கச் சிவப்பு! செம்பான் பானைகளைக் கீழே இறக்கி வைத்தது.

"நல்லாப் பாருங்க மாமா!" என்றது மரநாய்.

செம்பான் சுற்றிச் சுற்றி வந்தது. ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் நீர் முத்து முத்தாய்க் கோத்திருந்தது. "காலைப் பனி இறங்கியிருக்கு மாப்ளே!" என்றது செம்பானே. மரநாய் தலையை ஆட்டியது.

மோந்து பார்த்தது. ஊதுபத்தி வாசனைக்கு அடியில் ஆற்றுச்சேறு நாறியது. "மண் ரோட்டு வண்டின்னா மண் வாசனை அடிக்கத்தானே செய்யும்!" என்றது செம்பான். மரநாய் தலையை ஆட்டியது.

எஞ்சினைத் தொட்டது. கை சுட்டது! "அடடா, நான் வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருக்கியே! உன் நல்ல மனசு யாருக்கு வரும்!"

மரநாய் இதற்கும் தலையை ஆட்டிவிட்டு, முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தது. "பழத்து மேல ஏத்துங்க மாமா! பூஜை போட்ட வண்டியைத் திருப்பித் தரக்கூடாது. நம்ம காட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா!"

"ஆமாமா, நல்ல நேரம் போயிடப் போகுது!" செம்பான் தாவி ஏறி ஓங்கி ஓர் உதை விட்டது. டுபுடுபுடுபு! வண்டி கிளம்பிவிட்டது! செம்பானின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். கியரைப் போடக் காலைத் தூக்கியது.

டப்! சீட்டுக்கு அடியில் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி தெறித்தது. உள்ளிருந்து இருமிக்கொண்டே ஒரு நண்டு வெளியே வந்தது.

"யாருய்யா அது, வீட்டை ஆட்டுறது? ஒன்பது நாள் ஆத்து மடுவுல இந்தப் பெட்டிக்குள்ள நிம்மதியா இருந்தேன். வண்டியோட சேர்த்து என்னையும் இழுத்துட்டு வந்துட்டாங்க!"

வண்டி விக்கியது, குலுங்கியது, நின்றது. சைலன்சரிலிருந்து சேற்றுத் தண்ணீர் குபுக்கென்று கொட்டியது. செம்பான் மறுபடி உதைத்தது. பத்துத் தரம் உதைத்தது. ஊஹூம்!

செம்பானுக்குக் கோபம் தலைக்கேறியது. "அடப்பாவி! ஆத்துல முங்கின வண்டியா? கிளம்பாததைத்தான் சூடு பண்ணி வச்சியா? ஏண்டா பொய் சொன்னே?"

மரநாய் கையை விரித்தது. "நான் எங்க மாமா பொய் சொன்னேன்? பனின்னது நீங்க! மண் வாசனைன்னது நீங்க! நல்ல மனசுன்னதும் நீங்கதான்! நான் தலையைத்தானே ஆட்டுனேன்!"

செம்பானுக்குச் சுருக்கென்றது. கீழே பார்த்தது. சக்கரத்துக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் இருந்தது. பழம் நசுங்கவில்லை, பூஜை முடியவில்லை! அந்த ஒரு விரற்கடையில் இரண்டு குட்டிகளின் மழைக்காலச் சாப்பாடு தப்பியிருந்தது. வெட்கத்தோடும் சந்தோஷத்தோடும் ஆறு பானைகளையும் அணைத்துக்கொண்டு அது வீட்டைப் பார்த்து ஓடியது.

விற்பவன் வாய் திறக்கும் முன்பே பொருளின் குறைகளுக்கு நாமே சமாதானம் சொல்லத் தொடங்கினால், நம்மை ஏமாற்ற வேறொருவர் தேவையில்லை.